உறை பிரிக்காத போர்டு

இப்போது ஜனங்கள் எதையும் பிரிப்பதில்லை. ஃபிரிட்ஜ் வாங்கினால் கதவில் ஸ்டிக்கர் அப்படியே, பைக் வாங்கினால் சீட்டில் பாலித்தீன் கிழிந்து தொங்கும்வரை அப்படியே. கேட்டால், புதுசாகவே இருக்கட்டும் என்கிறார்கள். புதுசாகவே இருப்பதன் லட்சணத்தை ஓசூர் ஒரு தடவை பார்த்தாகிவிட்டது. 1994ஆம் வருஷம் பங்குனியிலிருந்து ஆவணி முடிய, பாகலூர் ரோட்டில் டாக்டர் பரமசிவத்தின் பிரசவ ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தைகூடப் பிறக்கவில்லை. வலியோடு உள்ளே போன பதினான்கு பெண்களும் வலி நின்று, வயிற்றோடு திரும்பி வந்தார்கள்.

அந்த ஆஸ்பத்திரி முகப்பில் போர்டு மாட்டியவர் ராஜப்பன். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்; எந்தச் சாமானையும் நகத்தால் கீறிப் பார்க்காமல் நம்பமாட்டார். பெங்களூர் ஏஜெண்ட் கம்போசிட் ஷீட் என்று மூன்று துண்டுகளை டாக்டர் மேஜையில் பரப்பினான். இரண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவில் கறுப்பு பிளாஸ்டிக். ராஜப்பன் மூன்று மில்லி கனமுள்ள ஷீட்டை முட்டிமேல் வைத்து வளைத்தார், ஓரத்தில் தீக்குச்சியைக் காட்டினார். உருகிச் சொட்டியது. "ரெண்டு அப்பளத்துக்கு நடுவுல தாரு ஊத்துன மாதிரி இருக்குது சார். வெயிலு நேரா அடிக்கற சொவுரு இது, வேணாம்," என்றார். "பெங்களூர் எம்.ஜி. ரோடு பூரா இதுதான்யா," என்று சொல்லி டாக்டர் நான்கு மில்லியில் வெள்ளி நிறத்தை எடுத்தார்.

ஒவ்வொரு ஷீட்டின் முகத்திலும் மெல்லிய பாலித்தீன் உறை, அதில் அம்புக்குறிகள். அம்பெல்லாம் ஒரே பக்கம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வெயிலில் நிறம் வேறாகத் தெரியும். மாட்டி நாற்பத்தைந்து நாளுக்குள் உறையைப் பிரிக்காவிட்டால் வெந்து ஒட்டிக்கொள்ளும் என்று ஏஜெண்ட் கன்னடத்தில் சொல்லிவிட்டுப் போனான். ராஜப்பன் சுவரில் சதுரக் குழாயால் சட்டம் அடித்து, ஓரம் மடித்த பதினான்கு ஷீட்டையும் விரற்கடை இடைவெளி விட்டுத் திருகினார். பிரிக்கப் போனபோது டாக்டர் தடுத்தார். திறப்பு விழாவுக்கு ஒரு பெரிய மனிதர் வருகிறார், அவர் கையால்தான் பிரிக்க வேண்டும். பெரிய மனிதர் ஆறு தடவை தேதி கொடுத்தார், ஆறு தடவையும் வரவில்லை. ஆஸ்பத்திரி அதுபாட்டுக்கு நடந்தது. நாற்பத்தைந்தாம் நாள் வரை குழந்தைகள் பிறந்தன. நாற்பத்தாறாம் நாளிலிருந்து இல்லை.

வலி நின்றுபோனவர்களில் இரண்டாவது ஆள் ராஜப்பனின் மகள் செல்வம்மாள். அவள் புருஷன் மாதப்பன் சிப்காட்டில் லேத் ஓட்டுகிறவன். லீவு போட்டு அவளைப் பெங்களூருக்குக் கூட்டிப் போனான். குழந்தை நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆபரேஷனுக்கு வைத்த கத்தி தோலில் இறங்காமல் வழுக்கிக்கொண்டே போனது. மற்றப் பெண்களுக்கும் எங்கே போனாலும் அதே கதைதான். ஐந்து மாதம் கழித்து ஒருநாள் ராஜப்பன் மகளின் முழங்கையை நகத்தால் கீறிப் பார்த்தார். கோடு விழவில்லை. ஏணியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

வெந்நீர், மண்ணெண்ணெய்த் துணி, பிளாஸ்டிக் ஸ்கேல் இவற்றை வைத்துக் காலையிலிருந்து உறைகளைச் சுரண்டினார். ஒரு ஷீட் பிரிந்தால் ஒருத்திக்கு வலி கண்டது. ஒரு குழந்தை தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் பிறந்தது, ஒன்று ரேஷன் கடை வரிசையில். பதின்மூன்று முடிந்தது. வாசலுக்கு மேலே இருந்த கடைசி ஷீட்டில், செல்வம்மாள் பிரசவத்துக்குப் படுத்திருந்த அறைக்கு நேரான ஷீட்டில், கை வைக்கும்போது டாக்டர் வந்துவிட்டார்.

"எறங்குயா. எல்லாத்தையும் நீயே பிரிச்சுட்டா வர்றவரு எதைப் பிரிப்பாரு?"

"எம் பொண்ணுக்கு இன்னும் ஆவல சார்."

"பதிமூணு பேருக்கு ஆச்சில்ல? ஒண்ணே ஒண்ணு விழாவுக்கு இருக்கட்டும். அடுத்த வாரம் தேதி குடுத்திருக்காரு."

வாட்ச்மேன் ஏணியை உள்ளே வைத்துப் பூட்டினான். ராஜப்பன் இன்னும் இரண்டு தடவை வேறு ஏணியோடு வந்தார்; இரண்டு தடவையும் நாலு பேர் பிடித்து இறக்கினார்கள்.

அடுத்த வாரம் என்பது 1996 மாசியில் வந்தது. பெரிய மனிதர் மாலையோடு ஏறி உறையின் மூலையை இழுத்தார். ஒரு சாண் கிழிந்து கையோடு வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். கூட்டத்தில் நின்றிருந்த செல்வம்மாளுக்குக் கைதட்டல் முடிகிறவரை வலி இருந்தது, பிறகு நின்றுவிட்டது. "இப்ப நீ பிரிச்சுக்கலாம்," என்றார் டாக்டர். ராஜப்பன் சுரண்டினார். வெள்ளிப் பூச்சு வந்தது, அலுமினியம் வந்தது, நடுவிலிருந்த கறுப்பும் வந்தது. உறை மட்டும் வரவில்லை.

அப்புறம் ஊருக்குப் பழகிவிட்டது. வயிற்றுப் பிள்ளைக்கு மூன்று வயது ஆனதும் பஸ் கண்டக்டர் செல்வம்மாளுக்கு ஒன்றரை டிக்கெட் கிழித்தார். உள்ளேயிருந்து கேட்ட குரலை வைத்து ஆண் என்று முடிவுசெய்து, செத்துப்போன மாமனார் கங்கப்பனின் பெயரை வைத்தார்கள். 1999 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தாகிவிட்டது. நாராயணம்மா டீச்சர் பிறந்த தேதிக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, கடைசி வரிசையில் செல்வம்மாளுக்கு ஒரு நாற்காலி போட்டார்.

முதல் நாள் ராஜப்பனும் வகுப்பு வாசலில் நின்றார். டீச்சர் பெயர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

"கங்கப்பன்."

"உள்ளேன் டீச்சர்," என்றது வயிற்றுக்குள்ளிருந்து.

பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் டிக் அடித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். செல்வம்மாள் முகமெல்லாம் பூரித்து வாசல் பக்கம் திரும்பினாள்.

"கேட்டுச்சா யப்பா? நல்லாத்தான இருக்கான்?"

"வெளிய வந்து சொல்லச் சொல்லு," என்று ராஜப்பன் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.