பென் டிரைவை ஏற்காத ஸ்விட்ச்

எனக்கு யார் பேச்சையும் அப்படியே நம்பிப் பழக்கமில்லை. "நாங்க எதையும் தொடவே இல்ல" என்று சொல்கிற ஆபீஸில்தான் எல்லாரும் எல்லாவற்றையும் தொட்டிருப்பார்கள்.

இது அடையாறில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ். கம்ப்யூட்டர்களையெல்லாம் இணைக்கிற ஸ்விட்ச் பெட்டியில் பென் டிரைவ் வழியாகப் புது சாஃப்ட்வேர் ஏற்ற என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். செருகினால் பெட்டி கண்டுகொள்ளவே இல்லை.

மேனேஜர் காமாக்ஷி குரலைத் தாழ்த்தினார். "காஷிஃப் வேலைதான் சார். பேப்பர் போட்டுட்டான். ஆயுத பூஜை லீவு முடிஞ்சு வந்தன்னிக்கு, துணியை வெச்சுண்டு இந்தப் பெட்டிகிட்ட என்னமோ பண்ணிண்டிருந்தான். கேமராவுல இருக்கு. கேட்டா வாயே திறக்கலை. ரிலீவிங் லெட்டரை நிறுத்தி வெச்சிருக்கேன்."

கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் காஷிஃப் கதவோரம் நின்றிருந்தான். திங்கட்கிழமை வேறு கம்பெனியில் சேர வேண்டும். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் சேர்க்க மாட்டார்கள். என் முகத்தைப் பார்க்காமல் ஸ்விட்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கும் சந்தேகம் தட்டியது.

பென் டிரைவை என் லேப்டாப்பில் போட்டேன், திறந்தது. ஃபார்மேட்டும் சரியாகத்தான் இருந்தது. வேறொன்றை எடுத்து ஸ்விட்ச்சில் செருகினேன். அதையும் ஏற்கவில்லை. அப்படியானால் கோளாறு பென் டிரைவ் செருகும் துளையில்தான்.

"உள்ள எதையாவது விட்டியா?"

"இல்ல சார்."

நான் நம்பவில்லை. ஸ்விட்ச்சை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். உள்ளே மஞ்சளாக ஏதோ காய்ந்து கிடந்தது. பல்குச்சியால் சுரண்டி முகர்ந்தேன். சந்தனம்.

"பூஜையன்னிக்கு இதுக்குப் பொட்டு வெச்சது யாரு மேடம்?"

காமாக்ஷி கொஞ்சம் தயங்கினார். "நான்தான். எல்லா மெஷினுக்கும் வெச்சேன்."

மற்ற துளைகளிலெல்லாம் கேபிள். முகப்பில் காலியாக இருந்தது இந்த இடம் ஒன்றுதான். சந்தனத்தையும் தாராளமாகவே அப்பியிருக்கிறார்.

"லீவு முடிஞ்சு வந்து பாத்தா காஞ்சி உதிர்ந்துகினு இருந்துச்சி சார். கேபிளுக்குள்ள பூந்துடப் போவுதுன்னு தொடச்சேன். உள்ளாறயும் கீதுன்னு தெரியாது," என்றான் காஷிஃப்.

எனக்குக் கோபம் வந்தது. "இதைச் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

அவன் காமாக்ஷியைப் பார்த்தான். "சாமி கும்புட்டு நீங்க வெச்ச பொட்டு மேடம். அழிச்சது நான்தான்னு, நான் போய் எப்படிச் சொல்றது?"

எனக்குச் சுருக்கென்றது. காமாக்ஷி தன் மேஜைக்குப் போனார். நான் துளையைச் சுத்தம் செய்து பென் டிரைவைச் செருகுவதற்குள், பிரிண்டரிலிருந்து அவனுடைய கடிதம் வந்துகொண்டிருந்தது.