ஏழாம் குறிப்பு

பேராசிரியர் என் கணினித் திரையில் விரலை வைத்தார். திரையைத் தொடாமல் எதையும் காட்டத் தெரியாதவர் அவர். வந்துபோன பிறகு திரையைத் துடைப்பது என் வேலைகளில் ஒன்றாகவே ஆகிவிட்டது. விரலுக்குக் கீழே ஏழாம் பின்குறிப்பு இருந்தது. என் கணவரின் பெயர், அதற்குப் பக்கத்தில் 'களக் குறிப்பேடுகள், பதினொன்று, அச்சாகாதவை' என்று ஒரு வரி.

"இதை எடுத்துடும்மா," என்றார்.

எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு இன்னொரு முறை சொன்னார். நன்றாகத்தான் கேட்டது.

நான் ஆய்வேடுகளை ஒழுங்குசெய்து கொடுக்கிறவள். தலைப்புகளின் அளவு, பக்க எண், ஓரத்தில் விடவேண்டிய இடம், கடைசியில் வரும் பின்குறிப்புகள் எல்லாம் என் பொறுப்பு. வீட்டின் முன்னறைதான் என் அலுவலகம். பேராசிரியரின் துறையிலிருந்து வருகிற மாணவர்கள் எல்லோரும் அவர் கைகாட்டித்தான் என் வாசலுக்கு வருகிறார்கள். அவர் வேறு பக்கம் கைகாட்டினால் அடுத்த மாதமே நான் இந்தக் கணினியைப் போர்த்திவைத்துவிட்டு வேறு வேலை தேட வேண்டியதுதான். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

அவரும் என் கணவரும் மாணவர்களாக இருந்தபோது ஒரே அறையில் தங்கியவர்கள். ஒருவர் துறையின் படிகளில் ஏறினார், இன்னொருவர் செங்கல் சூளைகளுக்குப் போனார். ஒன்பது வருடம் சூளை சூளையாகப் போய், அங்கே வேலை செய்கிறவர்கள் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டு வந்தார். எத்தனை மணிக்கு எழுந்தார்கள், எந்த வயதில் முதுகு போனது, யாருடைய குழந்தை எந்தக் குழிக்குப் பக்கத்தில் பிறந்தது என்பதுவரை. துறையில் அவருக்குச் 'சூளை' என்றே பெயர். சூளை வந்தாச்சா, சூளை இன்னும் புத்தகம் போடலையா என்பார்கள். புத்தகம் போடுவதற்குள் இருமல் வந்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அது அவரைக் கொண்டுபோனது. பதினொரு நோட்டுகள் மிஞ்சின. எதைத் திறந்தாலும் நடுத்தையலில் செம்மண் தூசி இருந்தது.

காரியமெல்லாம் முடிந்த மாதம் பேராசிரியர் வந்து, "அவன் உழைப்பு வீணாப் போகக்கூடாதும்மா. நான் புத்தகமாக் கொண்டுவரேன். அவன் பேரு ஒவ்வொரு இடத்துலயும் வரும்," என்று சொல்லி நோட்டுகளை வாங்கிக்கொண்டு போனார். நானும் நம்பினேன். என் மகளிடமும் சொன்னேன். அவள் அப்போது எதிலும் பிடிப்பில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அப்பா பெயர் புத்தகத்தில் வரப்போகிறது என்றதும் எழுந்து உட்கார்ந்து எத்தனை இடத்தில் என்று கேட்டாள்.

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றத்தான் செய்தார், அவருக்குத் தெரிந்த வகையில். அவருக்குக் கணினியில் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். மேற்கோள் வருகிற இடத்திலெல்லாம் புதிதாக ஒரு பின்குறிப்பைப் போட்டு, அதே வரியைத் திரும்ப ஒட்டிவிடுவார். ஃபைல் என் கைக்கு வந்தபோது என் கணவரின் பெயர் ஐம்பத்திரண்டு இடத்தில், ஐம்பத்திரண்டு தனிக் குறிப்புகளாக இருந்தது. கடைசிப் பக்கங்களைப் பார்த்தால் ஏதோ வருகைப் பதிவேட்டில் ஒரே ஆள் தினமும் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போன மாதிரி இருந்தது. நான் மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் விரல் வைத்து எண்ணினாள். ஐம்பத்திரண்டு என்று அவள் சொன்னபோது அவள் குரலில் இருந்ததை நான் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

தொழில்காரியின் புத்தி சும்மா இருக்காதே. ஒரே மூலத்தை ஐம்பத்திரண்டு முறை எழுதுவது அசிங்கம். அதற்கென்று ஒழுங்கான முறை இருக்கிறது. முதல் இடத்தில் மட்டும் குறிப்பை வைத்துக்கொண்டு, மற்ற இடங்களில் அந்தக் குறிப்பைச் சுட்டுகிற எண்ணை மட்டும் போட வேண்டும். நடுவில் புதிய குறிப்பு சேர்ந்தாலும் ஒன்று போனாலும், ஒருமுறை புதுப்பிக்கச் சொன்னால் எல்லா எண்களும் சரியாகிவிடும். மூன்று நாள் உட்கார்ந்து இதைச் செய்தேன். ஒவ்வொரு இடத்தையும் படித்தேன். என் கணவர் வீட்டுக்கு வந்து சொல்லாத எத்தனையோ விஷயங்களை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஐம்பத்தோரு குறிப்புகளை அழித்து, அந்த இடங்களையெல்லாம் ஏழாம் எண்ணோடு கட்டினேன். கடைசிப் பக்கங்கள் நான்கு குறைந்தன. பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தது. பெருமையாகக்கூட இருந்தது, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஐம்பத்திரண்டு இடத்திலிருந்து ஒரு மனிதனை எடுக்க யாருக்கும் கை வராது. ஒரே இடத்திலிருந்து எடுக்க ஒரு விரல் போதும். அந்த ஒரே இடத்தை நான்தான் பேராசிரியருக்குச் செய்து கொடுத்தேன்.

"ஏன் சார்?" என்றேன்.

"பதிப்பகத்துல பாத்தாங்க. அச்சாகாத நோட்டை இத்தனை வாட்டி சொன்னா, புத்தகம் யாரோடதுன்னு கேப்பாங்கன்றாங்க." நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அவங்க சொல்றதும் நியாயம்தானே. எழுதினது நான். உக்காந்து யோசிச்சது நான். அவன் போய்க் கேட்டுட்டு வந்தான், அவ்வளவுதான்."

"ஒரு இடத்துலயாவது இருக்கட்டும் சார்."

"முன்னுரையில நண்பர்களுக்கு நன்றின்னு ஒரு வரி போட்டிருக்கேன். அதுல அவனும் அடக்கம்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். ஆறுதல் சொல்ல வந்த அன்றும் இதே குரல்தான். "போனவனுக்குப் பேர் எதுக்கும்மா. இருக்கற நீயும் பொண்ணும் நல்லா இருக்கணும். அடுத்த வாரம் ஆறு ஆய்வேடு வருது, எல்லாத்தையும் உங்கிட்டதான் அனுப்பச் சொல்லியிருக்கேன். நீயே உன் கையால எடுத்துடு. வேற யாராவது எடுத்தா எனக்கே மனசு கேக்காது."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் உண்மையாகவே சொன்னார். அதுதான் எனக்குப் பற்றி எரிந்தது.

முதல் அத்தியாயத்துக்குப் போய் ஏழாம் எண்ணைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். என் கணவரின் பெயர் போய்விட்டது. கீழே இருந்த எட்டாம் குறிப்பு மேலே ஏறி ஏழாக ஆனது. அது பேராசிரியர் என்றோ எழுதிய ஒரு கட்டுரை. ஆனால் நான் கட்டிவைத்த ஐம்பத்தோரு இடங்களில் எண் மாறவில்லை. அது அப்படித்தான். சுட்டுகிற எண்கள் யாராவது புதுப்பிக்கச் சொல்லும்வரை பழைய எண்ணையே காட்டிக்கொண்டு நிற்கும், செய்தி வந்து சேராத வீட்டார்போல.

பேராசிரியர் என் கையிலிருந்து மவுசை வாங்கிப் பக்கங்களை உருட்டினார். எங்கும் ஏழு. கடைசிக்குப் போய் ஏழைப் பார்த்தார். அவருடைய கட்டுரை.

"இது என்னோடது ஆச்சே," என்றார்.

"ஆமா சார். எட்டு ஏழாயிடுச்சு."

"அப்ப அத்தனை இடத்துலயும் நானா வரேன்?"

"இப்போதைக்கு அப்படித்தான் தெரியுது சார்."

மவுசிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். சங்கடப்படுகிறார் என்று நினைத்தேன். அவரோ பக்கங்களை இன்னொரு முறை உருட்டிப் பார்த்துவிட்டு, "நல்லதாப் போச்சு. இனிமே இதுல எதையும் தொடாதே. அப்படியே அச்சகத்துக்கு அனுப்பிடு," என்றார்.

எண்களைப் புதுப்பிக்கிற பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். தொடாதே என்றார், தொடவில்லை. அவர் போன பிறகு திரையைத் துடைத்தேன்.

நான்கு நாள் கழித்து அச்சகக்காரர் போன் செய்தார். பக்கங்களை அச்சுக்கு எடுக்கும்போது கணினி எல்லா எண்களையும் ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளும். சுட்டிய குறிப்பே இல்லாவிட்டால், எண் இருந்த இடத்தில் பிழை என்று எழுதிவிடும். "மேடம், நடுநடுவுல கொட்டை எழுத்துல 'பிழை, சுட்டிய மூலம் கிடைக்கவில்லை'ன்னு வருது. எண்ணிப் பாத்தேன், அம்பத்தொண்ணு இருக்கு. எடுத்துடவா?"

"எடுக்காதீங்க," என்றேன். "அது அப்படியே வரணும்."

"சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடட்டுமா?"

"எதையும் தொடக்கூடாதுன்னு சார்தான் சொன்னாரு. வேணும்னா பக்கங்களை அவருக்கே அனுப்பிக் காட்டுங்க."

அனுப்பினார். பேராசிரியர் அட்டையை மட்டும் பார்த்து, பின்னட்டையில் தன் படம் கறுப்பாக இருக்கிறது என்று குறை சொல்லி, அதை வெளுக்கச் செய்து, கையெழுத்துப் போட்டுத் திருப்பிவிட்டார்.

வெளியீட்டு விழாவுக்கு நான் மகளோடு போனேன். சபை நடுவில் அவர் மானம் கப்பலேறுவதைக் கண்ணால் பார்க்கத்தான் போனேன், மறைக்க என்ன இருக்கிறது. கடைசி வரிசையில் உட்கார்ந்து, யாராவது புத்தகத்தைத் திறக்கிறார்களா என்று கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். திறந்தார்கள். உள்ளட்டையைப் பார்த்தார்கள், படத்தைப் பார்த்தார்கள், விசிறிக்கொண்டார்கள். மேடையில் மூன்று பேர் பேசினார்கள். அதில் ஒருவர், "இந்தப் புத்தகத்துல ஆதாரம் இல்லாம ஒரு வரிகூடக் கிடையாது. சூளையில போய்ப் படுத்து எந்திரிச்சவரு நம்ம பேராசிரியர்," என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். பேராசிரியர் தலையைக் குனிந்துகொண்டார், அடக்கமாக.

வீட்டுக்கு வந்ததும் மகள் கடைசிப் பக்கங்களைத்தான் முதலில் திறந்தாள். பிறகு முதல் பக்கத்திலிருந்து புரட்டிக்கொண்டு வந்தாள். நான் அடுக்களையில் நின்றுகொண்டிருந்தேன்.

"அம்மா, அம்பத்திரண்டு இருந்துச்சே."

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, கொட்டை எழுத்தில் இருந்த ஒரு இடத்தைக் காட்டினேன். "இதெல்லாம் அப்பா இருந்த இடம்."

அவள் அதைப் படித்தாள். இன்னொன்றைப் புரட்டிப் படித்தாள். "யாரு எடுத்தது?"

"நான்தான்."

எதற்காக எடுத்தேன், எடுத்துவிட்டு பேராசிரியருக்கு என்ன குழி வெட்டி வைத்திருக்கிறேன் என்பதையெல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். புத்தகத்தை மூடி என் மடியில் வைத்துவிட்டு, "யாரும் கண்டுபிடிக்கலைன்னா?" என்றாள். பதினேழு வயதில் இவ்வளவு நிதானமாகப் பேச எங்கே கற்றுக்கொண்டாள் என்று தெரியவில்லை. அன்றிலிருந்து அவள் முன்னறைக்கு வருவதில்லை. சாப்பிட்டாயா என்றால் ஆச்சு என்பாள், அவ்வளவுதான்.

யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு மாதம் காத்திருந்தேன், பிறகு இன்னும் இரண்டு மாதம். பத்திரிகை ஒன்றில் மதிப்புரை வந்தது, அதில் பின்னட்டையில் இருந்ததையே எழுதியிருந்தார்கள். பேராசிரியர் துறைத்தலைவரானார். ஒருநாள் அவர் போன் வந்தபோது சரி, வந்துவிட்டது என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"அடுத்த புத்தகம் ஆரம்பிச்சிருக்கேன்மா," என்றார். "போன தடவை போட்ட மாதிரியே போட்டுடு. ரொம்பச் சுத்தமா இருந்ததுன்னு எல்லாரும் சொன்னாங்க."

எழுதினவரே படிக்காத புத்தகத்தில் குழி வெட்டினால் யார் வந்து விழுவார்கள். அந்த ஐம்பத்தோரு பிழையும் கடைசியில் என் வீட்டுக்குள்தான் வந்து விழுந்திருக்கிறது. சரி சார் என்றேன்.

பைண்டு செய்த ஆய்வேடுகளைக் கொடுக்க நேற்று துறையின் நூலகத்துக்குப் போனேன். ரசீதுக்குக் காத்திருந்தபோது அலமாரியில் அந்தப் புத்தகம் நின்றது. எடுத்தேன். உள்ளே ஒட்டிய தாளில் ஒரே ஒரு தேதி முத்திரை. முதல் அத்தியாயம் சுத்தமாக இருந்தது, கையே படாத மாதிரி. அடுத்த அத்தியாயத்தில், பத்தொன்பதாம் பக்கத்தில், சுட்டிய மூலம் கிடைக்கவில்லை என்ற கொட்டை எழுத்துக்கு நேரே, ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கேள்விக்குறி இருந்தது.

யாரோ ஒருவர் கேட்டிருக்கிறார். நின்ற இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த இடத்தைப் புரட்டினேன், அங்கே ஒன்றும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. அந்தப் பத்தொன்பதாம் பக்கத்தோடு அவரும் மூடி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மேசையோடு நூலில் கட்டிய பென்சில் ஒன்று கிடந்தது. உட்கார்ந்தேன். இருபத்து மூன்றாம் பக்கத்தில், அந்த ஆளின் எழுத்து மாதிரியே வளைத்து, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். நூல் குட்டையாக இருந்ததால் புத்தகத்தை என் பக்கம் இழுக்க முடியவில்லை. நாற்காலியை நகர்த்திக்கொண்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.