ஐந்தடுக்குக் கேக்கும் ஆகாத சொற்களும்

பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்த விசாலாட்சி, தன் இளைய மகனுக்குப் பெண் பேசக் கொடைக்கானல் மலையேறிப் பூண்டிக்கு வந்தாள். நகை, சேலை, பந்தி, மேளம் என்று ஒவ்வொன்றாகப் பேசி முடித்தார்கள். நல்ல வியாபாரம் முடிந்தால் இரண்டு தரப்பும் மற்றவரை ஏமாற்றிவிட்ட திருப்தியோடு வெற்றிலை போட வேண்டும். அப்படிப் போடுகிற நேரத்தில்தான் பெண் அன்னக்கொடி வாயைத் திறந்தாள்.

"அத்தை, எனக்கு ஒண்ணு வேணும்."

"கேளு தாயி."

"கேக்கு."

"அதான் கேக்கச் சொல்லிட்டேனே, கேளு."

"கேக்குதாங்க வேணும். கல்யாணத்துக்கு நானே என் கையால அடுக்குக் கேக்கு செய்யணும்."

பூண்டு விவசாயியான அவள் அப்பா நல்லசாமிக்கு வெற்றிலை புரையேறியது. செண்பகனூர் பங்களா ஒன்றில், வெள்ளைக்காரம்மாள் ஒருத்திக்குச் சமையலறைக் கையாளாக மகளை இரண்டு வருஷம் அனுப்பியது தப்பாகப் போயிற்று. அங்கே ஒரு கல்யாணத்தில், வெள்ளை வெளேரென்று மாடி மேல் மாடியாக ஒரு கேக்கைத் தேர் மாதிரி தூக்கி வந்ததை அன்னக்கொடி பார்த்துவிட்டாள்.

"அது மட்டும் இல்லீங்க அத்தை. சனம் தின்னுட்டு நல்லாருக்குன்னா, உங்க கடையில எனக்கு ஒரு பலகை விடணும். கேக்கு விப்பேன்."

விசாலாட்சி அவளை மறுபடி ஏற இறங்கப் பார்த்தாள். பெண் பார்க்க வந்த இடத்தில் ஒரு வியாபாரியைப் பார்ப்போம் என்று அவள் நினைக்கவில்லை.

"சரி. ஆனா மிச்சமில்லாமப் போகணும். தட்டுல மிச்சம் கெடந்தா பலகை இல்ல. முட்டையும் ஆகாது."

"முட்டை இல்லாம எப்படிங்க ஒட்டும்?"

"எங்க பஞ்சாமிர்தம் என்ன முட்டையிலயா ஒட்டிக்கிட்டு நிக்குது? மலைவாழப்பழத்தப் பெசஞ்சு போடு. எத்தன அடுக்கு?"

"மூணுங்க."

"மூணு ஆகாது. சீர்த்தட்டே மூணு வைக்க மாட்டோம். அஞ்சாக்கு."

"அஞ்சா!" என்று பெருமூச்சு விட்டுச் சம்மதித்தாள் அன்னக்கொடி. அவள் ஆசைப்பட்டதே ஐந்துதான். ஐந்து கேட்டிருந்தால் ஒன்றுதான் கிடைத்திருக்கும்.

சீருக்கு வாங்கிய பித்தளை அடுக்குக் குண்டான்கள் ஐந்தும், புக்ககம் போகுமுன்பே கேக்கு வேகப் போயின. வீட்டுக்குள் பரணெல்லாம் பூண்டு. அந்த வாடையை மாவு குடித்துவிடும். அதனால் கொல்லையில் வெந்நீர் அடுப்பின் மேல் பெரிய அண்டாவை ஏற்றி, அடியில் மணல் பரப்பி, மூடி மேல் தணலைக் கொட்டினாள். முதல் தடவை வெந்தது களி. அதைப் பசுமாடு முகர்ந்துவிட்டு நகர்ந்துகொண்டது. தயிரும் ஆப்பச் சோடாவும் சேர்த்த பிறகுதான் மாவு எழும்பியது. வீட்டு வெண்ணெயில் பொடித்த சர்க்கரையைக் குழைத்து மேலே பூசி, காரட் அல்வாவில் பூ செய்து வைத்தாள்.

தை மாதம், மணவறையில் மாப்பிள்ளை மயில்சாமி தாலி கட்டி முடித்தான். ஐந்தடுக்குக் கேக்கு பந்தலுக்கு வந்ததும் பழனிக் கூட்டம் வாயைப் பிளந்தது. கொடைக்கானல் ஓட்டலில் பரிமாறும் வேலை பார்க்கிற, பெண்ணின் தாய்மாமன் சேனாதிபதிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கைதட்டி எழுந்து நின்றார்.

"லேடீஸ் அண்ட் ஜென்டில்மேன்! பொண்ணு மாப்பிள்ளை இப்பக் கேக்கு வெட்டுவாங்க!"

மேளம் நின்றுபோனது.

"என்ன சொன்ன?" என்றாள் விசாலாட்சி. "கல்யாணப் பந்தல்ல வெட்டுறதா?"

"சரிக்கா, அறுக்கட்டும்."

"அடப் பாவி! தாலி ஏறி மஞ்சள் காயல. அறுக்குறதுங்கிறியே!"

"தேங்கா ஒடைக்கிற மாதிரி ஒடைச்சிரலாம்," என்றது ஒரு குரல்.

"தேங்காய ஒடைக்கலாம். குடும்பத்த ஒடைக்கலாமா?"

"அப்பப் பிரிச்சுக் குடுங்க," என்றார் நல்லசாமி, உதவி செய்வதாக நினைத்து.

"சம்பந்தி, நீங்களே பிரிக்கச் சொல்றீங்களா?"

"பங்கு போட்டுருங்கம்மா," என்று விசாலாட்சியின் மூத்த மகன் முனகினான்.

"நீ பேசாத. அந்தச் சொல்லுக்குத்தான் நீ ரொம்ப நாளாக் காத்துக் கெடக்க."

வந்த சொல்லெல்லாம் ஆகாத சொல்லாகவே இருந்தது. "எடுத்து உள்ள வைங்க, வெரசா பந்தியப் போடுங்க," என்றாள் விசாலாட்சி. இரண்டு பேர் தட்டைத் தூக்கக் குனிந்தார்கள். உள்ளே போனால் முழுக் கேக்கும் மிச்சம், பலகையும் போச்சு. மணப்பெண் பேசக் கூடாது என்பது அன்னக்கொடிக்குத் தெரியும். பேசினாள்.

"அத்தை, உங்க கடையில பஞ்சாமிர்தத்த எப்படிங்க குடுப்பீங்க?"

"எப்படிக் குடுப்பாங்க? அள்ளித்தான்."

"இதையும் அள்ளுவோமுங்க."

விசாலாட்சி அந்தச் சொல்லைப் புதுப் பாத்திரத்தைத் தட்டிப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அள்ளு. அள்ளி அள்ளிக் கொடு. அள்ள அள்ளக் குறையாது. எங்கே தட்டினாலும் கீறல் சத்தம் கேட்கவில்லை.

"எங்கடா சோத்துக் கரண்டி?"

மேல் அடுக்கில் முதல் கரண்டியை இறக்கியவள் அவளே. காரட் பூவோடு சேர்த்து அள்ளி மருமகள் வாயில் ஊட்டினாள். அப்புறம் இலை இலையாகக் கரண்டி நடந்தது. வாழைப்பழமும் வெண்ணெயுமாக அது கரண்டிக்கென்றே செய்ததுபோல வந்தது. அத்தனை பாடுபட்டு நிமிர்த்திய அடுக்குகள் பொங்கல் மாதிரி சரிவதைப் பார்க்க அன்னக்கொடிக்கு வயிறு எரியத்தான் செய்தது. ஆனால் இரண்டாம் தடவை கேட்டு நீட்டிய கைகளை எண்ண முடியவில்லை. கடைசியில் தட்டை வழித்தவர் சேனாதிபதி.

"பலகை உண்டு," என்றாள் விசாலாட்சி, கை கழுவிக்கொண்டே. "ஆனாப் பாதிப் பலகைதான். மறுபாதியில சந்தன வில்லை இருக்கு."

"பாதின்னா எப்படிங்க அத்தை? பலகைய வெட்டுவீங்களா?"

விசாலாட்சி சட்டென்று மருமகளின் வாயைப் பொத்தினாள். சுற்றிலும் ஒரு தடவை பார்த்தாள்.

"முழுசாவே எடுத்துக்க, தாயி."