பலித்த வேண்டுதல்

அலமாரிக் கதவைத் திறந்ததும் காகிதக் கொக்குகள் சரிந்து சயோகோவின் தோளில் விழுந்தன. ஆரஞ்சும் கருநீலமுமாக ஆயிரம் ஆயிரமாய்க் கோத்த சரங்கள். ஒவ்வொன்றின் நுனியிலும், நகர அணியில் ஆடும் அவள் கணவன் மிதாராயின் சட்டை எண். வசந்தகால ஆட்டமொன்றில் அவனது முழங்கால் சிதைந்ததிலிருந்து பள்ளிகளும் மீன் சந்தையும் முடிதிருத்தகங்களும் அவன் குணமடைய வேண்டி மடித்து அனுப்பியவை. நகரப் பேருந்துகளின் பக்கவாட்டில் அவன் முகம் இன்னும் சிரித்துக்கொண்டே ஓடியது. அவன் திரும்பும்வரை அவனுக்கான பாட்டைப் பாடுவதில்லை என்று ரசிகர்கள் விரதம் பூண்டிருந்தார்கள்.

அந்தக் கால் இனி ஆடாது என்று மருத்துவர் கைவிரித்திருந்தார். இந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தன்று மைதானத்தில் நின்று தானே அதைச் சொல்ல வேண்டும், அதுவரை ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று மிதாராய் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் கேட்டது அது ஒன்றுதான். பிறகு கொக்குகளைப் பற்றியும் கேட்டான்.

"அதெல்லாம் எங்கயாவது கொண்டுபோயிடு, சயோ. கதவுக்குப் பின்னால ஆள் நிக்கிற மாதிரியே இருக்கு."

குப்பையில் போட வழியில்லை. நகராட்சி தரும் ஒளிபுகும் குப்பைப் பையில் உள்ளிருப்பது வெளியே தெரியும். வேண்டுதல் பொருள்களைக் கோயிலில் கொடுத்து எரிப்பதுதான் வழக்கம்; உள்ளூர்க் கோயிலில் கொடுத்தால் மாலைக்குள் செய்தி பரவிவிடும். ஆகவே அவள் சுரங்கப்பாதையைக் கடந்து, மலைக்கு அப்பாலிருந்த கோயிலுக்குக் காரை ஓட்டினாள். எரிப்பதற்காகப் பழைய தாயத்துகளை வாங்கி வைக்கும் பெண்மணி பைக்குள் பார்த்தாள். கை அப்படியே நின்றது.

"இதுல எங்க தெருவுல மடிச்சதும் இருக்கும்மா." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "வேண்டுதல் பலிச்சாத்தானே எரிக்கக் கொடுப்பாங்க. பலிச்சிடுச்சா?"

உண்மையைச் சொல்லும் உரிமை சயோகோவுக்கு இல்லை. எஞ்சியிருந்தது ஒரே பதில்.

"பலிச்சிடுச்சும்மா."

அந்தப் பெண்மணி இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். யாரும் கேட்காமலேயே, ஒருவரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்தாள்.

மறுநாள் மீன்கடைக்காரர் நல்ல காரியங்களுக்கு வைக்கும் சிவப்பு மீனொன்றைத் தாளில் சுற்றி அவள் கூடையில் வைத்தார்.

"நான் எதுவும் கேக்கலைம்மா. நீங்களும் எதுவும் சொல்லலை."

சயோகோ மீனைச் சமைத்தாள். கணவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. எதற்கு இந்த மீன் என்று அவனும் கேட்கவில்லை.

கடைசி ஆட்டத்துக்கு இன்னும் நாளிருந்தது. ஞாயிறன்று இருவரும் மைதானத்தின் மேல்வரிசையில் அமர்ந்திருந்தார்கள். ஆட்டம் தொடங்கச் சற்று நேரமிருந்தது. எதிரே ரசிகர் மாடத்தில் முரசு ஒருமுறை அதிர்ந்து நின்றது. அதன்பின் மாதக்கணக்காக யாரும் பாடாத பாட்டு எழுந்தது. முதலில் சிலர், பிறகு மாடம் முழுவதும். கைக்குட்டைகள் சுழன்றன. சிலர் அழுதுகொண்டே பாடினார்கள்.

மிதாராய் அவள் பக்கம் திரும்பினான்.

"இவங்ககிட்ட யாரு என்ன சொன்னது?"

அவள் முழங்கால்மேல் கோத்திருந்த தன் விரல்களைப் பார்த்தாள். அவன் பார்வை அந்த விரல்களிலிருந்து பாடும் மாடத்துக்குத் திரும்பியது.

கீழ்வரிசைக் கிழவர் ஒருவர் வாயருகே கை குவித்தார்.

"உக்காந்து உக்காந்து பெருத்துட்டியேப்பா! எந்திரிச்சுக் காட்டு, பாப்போம்!"

சுற்றிலும் சிரித்தார்கள். மிதாராயும் சிரித்தான், பேருந்தில் ஓடும் அதே சிரிப்பு. பிறகு எழுந்தான். ஒரு கையை உயர்த்தி அசைத்தான். மறு கை சயோகோவின் தோளைப் பற்றியது. அவன் உடலின் பாரம் முழுதும் அந்த ஐந்து விரல்களின் வழியே இறங்கிற்று. எலும்பு வலித்தது. அவள் அசையாமல், தானும் புன்னகைத்தபடி நேரே பார்த்திருந்தாள். பாட்டு முடிந்தது. முரசுக்காரன் கையை ஓங்கினான். மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள்.