நட்டநடுவில் ஒரு பொட்டு

ரேஸ் பைக்குக்கு ராக்கர் மாட்ட எர்ணாவூரில் என்னை விட்டால் ஆள் கிடையாது. இதை ஊரே சொல்லும். சொல்லாத நாளில் நானே சொல்லிவிடுவேன்.

வேலை சின்னதுதான். இஞ்சினுக்குள் வால்வை அமுக்கித் திறக்கும் இரும்புக் கைதான் ராக்கர்; அதன் மூக்கு வால்வின் தலையில் நட்டநடுவே உட்கார வேண்டும். ஓரத்தில் உட்கார்ந்தால் வால்வு ஒருபக்கமாகத் தேய்ந்து கெட்டுப்போகும். ரேஸ் ஓட்டும் ஜெஸ்வினின் வண்டிக்குப் புது ராக்கரை மாட்டிவிட்டு, "நாளிக்கி வந்து எட்துக்கோ. கண்ண மூடிகினு ஓட்டலாம் மாமு" என்று போனில் சொன்னேன்.

மறுநாள் ஆயுத பூஜை. என் மனைவி பூவம்மா பட்டறையின் ஸ்பேனர்களை எல்லாம் சாமி படத்துக்கு முன் அடுக்கிப் பொட்டு வைத்தாள். அதோடு விட்டாளா? மூடி போடாத இஞ்சினுக்குள் தீக்குச்சியை விட்டு, வால்வின் தலைக்கும் குங்குமம் வைத்துவிட்டாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "இன்னாமே இது கலீஜ்? வால்வு மேல போயி எவளாவது பொட்டு வெப்பாளா?"

"நடுவுல எடம் காலியா கீது, வெச்சேன். அதுக்கு ஏன்யா கத்துற?"

குனிந்து பார்த்தேன். பொட்டு நட்டநடுவில் ஜம்மென்று இருந்தது. என் ராக்கர்தான் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

சத்தம் போடாமல் ஸ்பேனருக்குக் கை நீட்டினேன். பூவம்மா என் கையைத் தட்டிவிட்டாள். "பூஜையில வெச்சத நாளிக்கிதான் எடுக்கணும்."

அந்த நேரம் பார்த்து ஜெஸ்வின் போன் செய்தான்.

"வண்டி எப்பவோ ரெடி மாமு," என்றேன். "சாமிதான் இன்னும் விடல."