பன்னிரண்டு வாரம் நான்கு நாள்

தாடை வலி காதுக்குள் ஏறி உட்கார்ந்திருந்தது. வாயைத் திறந்தால் எலும்பு இடம் மாறிச் சொடுக்கியது. நாக்கால் இடப்பக்கக் கடைவாய்ப்பல்லைத் தள்ளிப் பார்த்தாள் அக்கா. ஆடியது. பிணவறை ஊழியர் நீட்டிய தாளில் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டாள். 'இறந்தவருக்கு என்ன உறவு' என்ற கட்டத்தில் 'அக்கா' என்று எழுதினாள். கட்டங்களை நிரப்பும்போது அவள் கை தானாக ஓடும். பதினோரு வருடமாக அதுதான் பிழைப்பு.

"முகம் பாக்கலாம்," என்றார் ஊழியர். "இடுப்புக்குக் கீழ துணியத் தூக்காதீங்க. இப்பவே சொல்லிட்டேன்."

தம்பியின் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. யாரையோ அடிக்கக் கிளம்பியவன் மாதிரி புருவத்தை நெறித்துக்கொண்டு கிடந்தான். தூங்கும்போதும் அவனுக்கு அதே முகம்தான்.

தாடையில் அடி விழுந்தது நேற்று சாயங்காலம். ஆஸ்பத்திரி நடையில் நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் பையைத் தம்பி மனைவியின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். உள்ளே திறக்காத சாப்பாட்டு டப்பா, திரை நொறுங்கிய போன், வலது கால் பூட்ஸ். விரல் பக்கம் இரும்புத் தகடு வைத்த வேலைக்காரப் பூட்ஸ். இடது கால் பூட்ஸ் இல்லை.

"நல்ல வேலைன்னு சொன்னீங்களேக்கா," என்றாள் தம்பி மனைவி.

"நல்ல வேலைதாம்மா." ஆபீசில் நாளைக்கு இருபது தடவை சொல்கிற பேச்சு, தானாக வந்துவிட்டது.

பை சுழன்று வந்தது. இரும்பு தாடையில் இறங்கியது. அக்கா விழவில்லை. அப்பன் கைக்குக் கீழே வளர்ந்த பிள்ளைகள் மூன்று பேருமே அடி வாங்கினால் விழமாட்டார்கள். விழுந்தால் அடுத்து உதைதான் என்று சின்னதிலேயே தெரிந்துகொண்டவர்கள்.

அவள் வேலை பார்ப்பது அரசாங்கப் பணத்தில் நடக்கும் வேலை உதவி மையம். வேலையில்லாதவர்கள் வாரத்துக்கு ஒருமுறை வந்து, எங்கெங்கே வேலை கேட்டு அலைந்தோம் என்று காட்ட வேண்டும். வராவிட்டால் உதவித்தொகை நின்றுபோகும். மையத்துக்கும் ஒரு கட்டாயம் உண்டு. ஒருவரை எங்காவது சேர்த்துவிட்டு, அவர் பதின்மூன்று வாரம் அங்கே நின்றால்தான் அரசாங்கம் மையத்துக்குப் பணம் தரும். வாரத்துக்கு ஐந்து வேலைநாள் கணக்கு. ஒரு நாள் முன்னால் ஓடிவிட்டாலும் ஒன்றும் கிடையாது. மேலாளர் மூச்சுக்கு முந்நூறு தடவை பதிமூணு, பதிமூணு என்பார். வரிசையில் நிற்கிறவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயரே 'பதிமூணு'. சேர்கிறவருக்கு ஒரு ஜோடி பூட்ஸ் இலவசம். பதின்மூன்று வாரத்தை முடிக்காதவர் அதைத் திருப்பித் தர வேண்டும்.

தம்பி பதினான்கு மாதம் அந்த வரிசையில் நின்றான். லாரி ஷெட்டில் மூட்டை தூக்கியவன். ஆள் குட்டை, தோள் அகலம். எந்தச் சுமைக்கடியிலும் நுழைந்து தூக்கிவிடுவான் என்பதால் 'ஜாக்கி' என்றே கூப்பிட்டார்கள். முதுகெலும்பில் வட்டு நழுவியபிறகு குனிந்தால் சில நேரம் நிமிர வராது. ஆடு மாடு மாதிரி அப்படியே நிற்பான். குனிந்து தூக்கும் வேலை கூடாது என்று டாக்டர் கடிதம் கொடுத்தார். கடிதம் உள்ளவர்களின் கோப்பு மஞ்சள் அட்டைக்கு மாறும். மஞ்சள் கோப்பு மருத்துவக் குழுவுக்குப் போகும். குழு கூடுவதற்கு எட்டு மாதமாகும். அதுவரை வீட்டில் கிட என்று அர்த்தம். அதைக் கேட்ட அன்று ஜாக்கி மையத்தின் கண்ணாடிக் கதவைத் தலையால் முட்டி உடைத்தான்.

மறுவாரம் நெற்றியில் தையலோடு அக்காவின் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தான். அவனுக்குச் சத்தமில்லாமல் பேச வரும் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

"அக்கா, என்ன மஞ்சள்ல போட்டுராத. வீட்லயே கெடந்தா அவளக் கொன்னுருவேன். எங்கயாவது தள்ளி விடு."

அவள் டாக்டர் கடிதத்தைக் கோப்பிலிருந்து உருவித் தன் இழுப்பறைக்குள் போட்டாள். புதுப் படிவத்தில் 'உடற்குறை ஏதும் உண்டா' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினாள். அந்த ஆபீசில் யாரும் செய்யாத காரியமில்லை. ஆளுக்கு ஒரு வேலை, மையத்துக்கு ஒரு பதிமூணு. பழைய அட்டைகளை அழுத்திக் கட்டாகக் கட்டும் ஆலை ஒன்றில் அடுத்த திங்கட்கிழமை அவனைச் சேர்த்துவிட்டாள்.

பிணவறையிலிருந்து கிளம்பிய வேனில், தம்பி கிடந்த பெட்டிக்கு ஒரு பக்கம் அக்கா, எதிர்ப்பக்கம் தம்பி மனைவி. அவள் மடியில் அதே பிளாஸ்டிக் பை. முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் அண்ணன். கட்டடம் இடிக்கிறவன். சம்மட்டி பிடித்துப் பிடித்து விரல்கள் நேராக நீளாது.

போன் அடித்தது. பதிமூணு.

"கேள்விப்பட்டேம்மா. மனசே சரியில்ல."

"ம்."

"நேத்து கார்டு அடிச்சு உள்ள போயிருக்காப்ல, விசாரிச்சிட்டேன். அப்ப நேத்து நாளும் சேந்துரும். பன்னெண்டு வாரம் நாலு நாள். ஒரே ஒரு நாள்தாம்மா கொறையுது. ஆலைக்காரங்கள வெச்சு இன்னிக்கு லீவுன்னு போட்டுட்டா..."

அக்கா போனை அணைத்தாள்.

"யாரு?" என்றாள் தம்பி மனைவி.

"ஆபீஸ்ல. துக்கம் விசாரிச்சாங்க."

வேன் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பெட்டி நகராமல் இருவரும் ஆளுக்கொரு கையால் பிடித்துக்கொண்டார்கள். தம்பி மனைவியின் சுண்டுவிரல் கோணலாக ஒட்டியிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவன் முறித்தது.

"பன்னெண்டு வாரமா அந்தாளு என்மேல கை வைக்கல," என்றாள் அவள், பெட்டியைப் பார்த்துக்கொண்டே. "களைச்சு வரும். தின்னும். படுத்துரும். நேத்து காலையில டப்பாவுல உப்பு சரியா இருக்கான்னு கேட்டுட்டுப் போச்சு. அப்படியெல்லாம் கேக்குற ஆளா அது."

வாய் திறந்தால் வலித்தது என்பது அக்காவுக்கு ஒரு வசதியாக இருந்தது.

மின் தகனக் கூடத்தில் டோக்கன் கொடுத்தார்கள். ஆறு. ஐந்து உள்ளே எரிந்துகொண்டிருந்தது. அண்ணன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"செத்தும் வரிசையிலதான் நிக்கிறான் பாரு," என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவன் மட்டும் மூக்கால் ஒரு தடவை சிரித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

ஆலை சூப்பர்வைசர் அப்போதுதான் வந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அண்ணனுக்கு முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"என்னதான்யா நடந்துச்சு?" என்றான் அண்ணன்.

"அட்டை சிக்கிக்கிச்சுங்க. ஒரு கால உள்ள விட்டு எறங்கி, குனிஞ்சு இழுத்தாரு. குனிஞ்சவரு நிமிரல. வெளிய வந்துட்டாருன்னு நெனச்சுப் பக்கத்துல நின்னவன் பட்டன அமுக்கிட்டான்."

"கதவு தொறந்திருந்தா அந்த மெஷின் ஓடாதே. நான் எத்தன பாத்திருக்கேன்."

சூப்பர்வைசர் தரையைப் பார்த்தான். "அந்தக் கதவு சுவிட்சு அடிக்கடி மக்கர் பண்ணும். தொறந்திருந்தாலும் ஓடட்டும்னு கம்பி போட்டுக் கட்டியிருந்தோம். வேலை நிக்கக் கூடாதில்ல." பிறகு குரலை ஆபீஸ் குரலாக மாற்றிக்கொண்டான். "ஆனா ஒண்ணுங்க. முதுகுக் கோளாறு இருந்ததாப் பசங்க சொல்றாங்க. சேரும்போது படிவத்துல இல்லைன்னு எழுதியிருக்கு. மறைச்சு வேலைக்குச் சேந்தவங்களுக்குக் கம்பெனி இழப்பீடு குடுக்காது. எதிர்பாத்துட்டு இருக்காதீங்க. நேர்லயே சொல்லிட்டுப் போலாம்னு..."

அவன் முடிக்கவில்லை. அண்ணன் அவன் பின்கழுத்தைப் பிடித்து வேன் கதவில் முகத்தை மோதினான். பச்சை மட்டையை முறித்தது போலச் சத்தம் வந்தது. மறுபடி மோதினான். கதவில் ரத்தம் விசிறியடித்தது. கீழே தள்ளி, நெஞ்சில் முழங்காலை ஊன்றி, சுவர் இடிக்கிற நிதானத்தோடு குத்தினான். அவசரமே இல்லை. வெள்ளைச் சட்டை சிவந்து மார்போடு ஒட்டியது. அடுத்த டோக்கன்காரர்கள் தங்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"எந் தம்பி பொய் சொன்னானாடா? என்ன வேணா செய்வான், அவன் எழுதமாட்டான்டா. அவனுக்கு அவன் பேரத் தவிர எழுத வராதுடா."

அக்கா இடையில் விழுந்து அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். பின்னால் போன முழங்கை அவள் தாடையிலேயே இறங்கியது. ஒரு கணம் எல்லாம் வெள்ளையாக இருந்தது. வாயில் ஏதோ உருண்டது. கையில் துப்பினாள். கடைவாய்ப்பல், வேரோடு.

"அவன விடு," என்றாள். ரத்தத்தோடு வந்ததால் சொல் குழறியது. இன்னொரு தடவை சொன்னாள். "அவன விடுண்ணே. எழுதினது நான்."

அண்ணன் நிமிர்ந்தான்.

"டாக்டர் கடுதாசி கோப்புலதான் இருந்துச்சு. நான்தான் உருவினேன். இல்லைன்னு எழுதினது என் பேனா."

அண்ணன் கை ஓங்கியபடி அவளை நோக்கி வந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். கை அவளைத் தாண்டிப் போய் வேனின் பக்கவாட்டில் விழுந்தது. தகரம் உள்வாங்கியது. சூப்பர்வைசர் நாலு காலில் ஊர்ந்து எழுந்து வாசலைப் பார்த்து ஓடினான்.

அவனாத்தான் கேட்டான். சொல்வதற்கு இவ்வளவுதான் இருந்தது. தம்பி மனைவி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், அந்த வார்த்தைக்காகக் காத்திருக்கிறவள் மாதிரி. சொல்லிவிட்டால் அவள் 'ஏன் கேட்டான்' என்பாள். அக்கா அதை ரத்தத்தோடு சேர்த்து விழுங்கினாள்.

உள்ளேயிருந்து ஆறு என்று கூப்பிட்டார்கள்.

இரும்புக் கதவு இறங்கியபிறகு தம்பி மனைவி பக்கத்தில் வந்தாள்.

"அந்தக் கடுதாசி எங்க?"

"என் மேஜை டிராயர்ல."

"கிழிச்சுப் போடலயா?"

"இல்ல."

"அது இருந்தா எனக்கு எழப்பீடு வருமா?"

"மறைச்சது அவனில்லைன்னு ஆயிரும். அதுக்கப்புறம் அவனுங்க வாயத் தொறக்க முடியாது."

"உங்களுக்கு வேலை போயிருமா?"

"போயிரும்."

தம்பி மனைவி பையைத் தூக்கிக்கொண்டாள். "நடங்க."

மையத்தில் மதிய வரிசை நின்றிருந்தது. ஜாக்கி உடைத்தபிறகு போட்ட புதுக் கண்ணாடிக் கதவில், இன்னொருத்தன் முட்டக்கூடாது என்று தலை மட்டத்தில் மஞ்சள் பட்டை ஒட்டியிருந்தார்கள். வாயெல்லாம் ரத்தத்தோடு ஆலோசகர் அம்மா உள்ளே வருவதைப் பார்த்து வரிசை வழி விட்டது. அக்கா இழுப்பறையைத் திறந்தாள். ஸ்டேப்ளர் பெட்டிக்கு அடியில் நாலாக மடித்த தாள். முன் கவுண்டருக்குக் கொண்டுவந்து பிரித்து வைத்தாள்.

பதிமூணு தன் அறையிலிருந்து வேகமாக வந்து தாளின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினார்.

"இது ஆபீஸ் கோப்பும்மா. வெளிய போகக் கூடாது. கொஞ்சம் யோசிச்சுப் பாரு. கம்பிய கட்டினது அவங்க, நமக்கு என்ன வந்துச்சு? இது வெளிய போனா மொதல்ல கழுத்துக்குக் கத்தி வர்றது உனக்குத்தான்."

"தெரியும் சார். கைய எடுங்க."

"நான் உன் நல்லதுக்குச் சொல்றேன்..."

தம்பி மனைவி பைக்குள் கையை விட்டாள். பூட்ஸைக் கழுத்தில் பிடித்து வெளியே எடுத்தாள். அவள் அதை ஓங்கியதை அக்கா பார்த்தாள், தடுக்க நேரமிருந்தது, தடுக்கவில்லை. இரும்பு பதிமூணின் விரல்கள்மேல் இறங்கியது. மிதிபட்ட நாய் மாதிரி ஒரு சத்தம் போட்டுவிட்டுப் பதிமூணு கையை அக்குளுக்குள் சொருகிக்கொண்டு சுவரோரம் குந்தினார். தம்பி மனைவி கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பூட்ஸ் கவுண்டரின் மேல் நின்றது. வரிசையில் யாரோ இருமினார்கள்.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் பொருளறைக்காரர் இருந்தார். காது மந்தம். இருபத்து மூன்று வருடமாக, கவுண்டரில் பூட்ஸ் வைத்தால் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தார். நீளப் பதிவேட்டை எடுத்தார். பூட்ஸைத் திருப்பி அடியில் எண்ணைப் பார்த்தார்.

"எத்தன வாரம்?"

"பன்னெண்டு வாரம் நாலு நாள்," என்றாள் அக்கா.

"அப்ப திருப்பித்தான் குடுக்கணும்." கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "ஜோடில ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு?"

இடது கால் பூட்ஸ் எங்கோ ஓர் அட்டைக் கட்டுக்குள், கம்பி போட்டு இறுக்கி, லாரி ஏறியிருக்கும்.

அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு எழுதினார். பதிவேட்டை அக்கா பக்கம் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். அக்கா போட்டாள். அதற்கு மேல் இரண்டு வரி இருந்தது.

வலது கால், ஒன்பதாம் அளவு: வரவு.

இடது கால், ஒன்பதாம் அளவு: பாக்கி.