தோள் பதினாலு

என் மனைவி தையல்காரி. அளவை எழுதிவைக்கும் வழக்கம் அவளுக்கு இல்லை. இரண்டு கையும் டேப்பைப் பிடித்திருக்கும், வாயில் குண்டூசி இருக்கும். அதனால் சிம் கார்டு இல்லாத ஒரு பழைய போனை மேலங்கிப் பையில் போட்டு, பதிவை ஓடவிட்டு, பல்லிடுக்கில் ஊசியோடு சொல்லிக்கொண்டே போவாள். "தோள் பதினாலு. கை எட்டரை. நேரா நில்லும்மா. இப்ப வயித்த எக்கிட்டு அப்புறம் தைச்சவளைத் திட்டாதே." துணி வெட்டுகிற அவள் தம்பி அதைப் போட்டுக் கேட்டு வெட்டுவான். பேச்சிலும் வெட்டுகிறவன் என்பதால் வீட்டில் அவனுக்குக் கத்தரி என்றே பெயர்.

அவள் இறந்துபோன பிறகு அந்தக் குரல்தான் எனக்கு மிஞ்சியது. என்னோடு பேசியதையெல்லாம் யார் பதிவு செய்தார்கள்? அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திவிட்டு வந்ததும், அவளுடைய கடையாக இருந்த முன்னறையில் உட்கார்ந்து, முகம் தெரியாத யாரோ ஒருத்தியின் இடுப்பளவைக் கேட்டுக்கொண்டிருப்பேன். கேட்டு முடித்ததும் போனைப் பழையபடி மேலங்கிப் பைக்குள்ளேயே போட்டுவிடுவேன். வேறு இடத்தில் வைக்க மனம் வரவில்லை.

உதவிக்கு வந்திருந்த என் தங்கை ஒரு சனிக்கிழமை வீட்டிலிருந்த அழுக்குத் துணியையெல்லாம் அள்ளி ஊறப்போட்டாள். கொக்கியில் தொங்கிய மேலங்கியும் அதோடு போயிற்று. கும்மும்போது கையில் கட்டியாக ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது. நுரை வழிய அதைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"அண்ணா, இது சும்மாக் கெடக்குற போன்தானே? ஆமான்னு சொல்லேன்."

கத்தரி வெட்டுமேசையிலிருந்து பாய்ந்து வந்தான். "யாரும் ஆன் பண்ணாதீங்க!" என்று கத்திக்கொண்டே அவனே ஆன் பண்ணினான். திரை ஒரு கணம் வெளுத்து, நடுங்கி, அணைந்தது.

பழுது பார்ப்பவர் கடை பூட்டியிருந்தது. திங்கட்கிழமைதான் திறப்பாராம். அதுவரை எங்கள் வைத்தியம் நடந்தது. தங்கை தலை உலர்த்தும் மெஷினைப் பிடித்தாள். போன் சுட்டதே தவிர, திரைக்குள் கோத்திருந்த ஈரம் அசையவில்லை. பிறகு அரிசி டப்பாவில் புதைத்தாள்.

"அரிசி தண்ணிய உறிஞ்சிடும்னு எல்லாரும் சொல்றாங்களே."

"எல்லாரும் சொல்வாங்க," என்றான் கத்தரி. "நாளைக்குச் சோத்துல மணி அடிச்சா நீங்களே எடுத்துப் பேசுங்க."

"அக்காவோட போன்னு உனக்கு இருந்தா எனக்கு அண்ணி போன் இல்லையாடா? வேற வழி தெரிஞ்சா சொல்லு. சும்மா நொட்டை சொல்லாதே."

அவனுக்கு வழி தெரிந்திருந்தது. மெஷின் எண்ணெய் துணியில் சொட்டிவிட்டால், துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியைப் பொடித்து அதன்மேல் கொட்டி வைப்பார்கள். காலையில் தட்டிவிட்டால் கறையே தெரியாது. அக்காவும் தம்பியும் எத்தனையோ பேருடைய சட்டையை அப்படிக் காப்பாற்றியிருக்கிறார்கள். "எண்ணெயவே இழுக்குது மாமா. தண்ணி எம்மாத்திரம்?" என்றான். இருந்த சாக்குக்கட்டிகளையெல்லாம் தேய்ப்புப் பெட்டியின் அடியில் வைத்து நசுக்கிப் பொடியாக்கினான். மாவுபோல் சலித்தான். பிள்ளைக்குப் பவுடர் போடுகிறவன்போல அந்தப் போனை அதில் புரட்டிப் புரட்டி எடுத்து, உள்ளே வைத்து மூடினான். வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பான். வேண்டாமென்றால் வேறென்ன என்று கேட்டிருப்பான்.

திங்கட்கிழமை பழுது பார்ப்பவர் பின்மூடியைக் கழற்றிவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன சார் இது, வெள்ளையடிச்சிருக்கீங்க?"

கத்தரி சுவரைப் பார்த்தான். சார்ஜ் போடும் துளை, பேச்சு வரும் துளை, எல்லா இடத்திலும் ஈரத்தோடு குழைந்த சாக்குப்பொடி பசையாக இறுகியிருந்தது. அவர் ஊசியால் சுரண்டினார், பிரஷ்ஷால் துடைத்தார், ஏதோ திரவத்தில் கழுவினார். வெகுநேரம் கழித்துத் திரை எரிந்தது. தங்கை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பதிவுகள் வரிசையாக நின்றன. ஒன்றைத் தொட்டார். கோடு நகர்ந்தது, குரல் ஏறி இறங்குகிற இடத்தில் கோடும் ஏறி இறங்கிற்று. சத்தம் இல்லை.

"கூட்டி வைங்கண்ணே," என்றான் கத்தரி.

"ஃபுல்லாத்தான்பா இருக்கு. ஸ்பீக்கர் போயிருச்சு. இருங்க, கம்ப்யூட்டர்ல இழுத்துப் பாக்குறேன்."

அவர் வயரைத் தேடினார். எங்கள் மூவரின் தலைகளும் அந்தச் சிறு திரைமேல் முட்டிக்கொண்டு நின்றன. அவள் ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் கோடு படபடவென்று துள்ளியது, சிரித்திருக்க வேண்டும். வயரைச் செருகுவதற்குள் திரை அணைந்தது. பிறகு அவர் என்ன செய்தும் எரியவில்லை. போர்டு போய்விட்டது என்றார். உழைப்புக்கும் ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தங்கை, "என் கைய வெட்டிப் போடணும்ணா," என்று அழுதாள். விடு என்றேன். கத்தரி, "நான்தான் மாமா கொன்னேன்," என்றான். அவனிடமும் விடு என்றேன். இரண்டு பேரையும் தேற்றி முடிப்பதற்குள் என் முறை தாண்டிப்போயிருந்தது.

மறுநாள் ஒரு பெண்மணி துணியோடு வந்தார். எங்களிடம் துக்கம் விசாரித்துவிட்டு, துணியை மேசைமேல் வைத்தார். "போன தடவை தைச்ச மாதிரியே இருக்கட்டும் தம்பி. அக்கா எடுத்த என் அளவுதான் இங்க இருக்குமே."

கத்தரி என்னைப் பார்த்தான். "திரும்ப எடுத்துடலாம்மா," என்றேன்.

தங்கைதான் டேப்பை வாங்கி அந்த அம்மாளின் முதுகுப்பக்கம் போனாள். கத்தரி டேப்பிலுள்ள எண்களைச் சரிபார்க்கிறவன்போலக் குனிந்து பக்கத்தில் நின்றான். எழுத வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த அறையில் யாரும் எழுதியதே இல்லை.

"யார்கிட்ட சொல்றது?" என்றாள் தங்கை.

"சொல்லு, நான் கேட்டுக்கிறேன்," என்றேன்.

தோள், கை, மார்பு என்று சொல்லிக்கொண்டு போனாள். இடுப்புக்கு வருவதற்குள் தோள் எனக்கு மறந்துவிட்டது. முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். அந்த அம்மாள் கையைத் தூக்கியபடியே பொறுமையாக நின்றார். தங்கை மறுபடி டேப்பைத் தோளில் வைத்தாள்.